சுண்ணாம்புப் பெட்டியில் லீவர்

எங்கள் வீட்டு ஆண்கள் இரும்பைத் தூரத்தில் நின்று பார்த்தே அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பெண்டாட்டி கோபமாக இருக்கிறாளா இல்லையா என்பது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் தெரியாது. இந்த லட்சணத்தில் அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து பட்டறைக்கு நடுவில் ஒரு சுவர் எழுப்பிக்கொண்டார்கள். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். அந்தச் சுவருக்கு ஒரு பக்கம் நான் குடியிருக்காமல் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பட்டறை என்றால் உடைந்த வார்ப்புச் சாமான்களை ஒட்டித் தருகிற பட்டறை. பம்பு மூடி, கியர் பெட்டி, தையல் மெஷின் கால் என்று விழுந்ததும் உடைந்ததுமாக எல்லாம் வரும். வார்ப்பு இரும்பு சாதாரண இரும்பு மாதிரி சொன்ன பேச்சு கேட்காது. சட்டென்று சூடாக்கினால் வெடிக்கும், சட்டென்று ஆறினாலும் வெடிக்கும். முதலில் உலையில் வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும். அந்தச் சூடு இறங்குவதற்குள் ஒட்ட வேண்டும். பிறகு மரப்பெட்டியில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டி, அதற்குள் புதைத்து, தானாக ஆறும்வரை விட்டுவிட வேண்டும். உலை என் வீட்டுக்காரர் பொறுப்பு. வெல்டிங் என் கொழுந்தனார் பொறுப்பு. தெருவில் யாரும் இவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர் உலைக்காரர், சின்னவர் கம்பிக்காரர், அவ்வளவுதான்.

என் மாமனார் இருந்தவரை எந்தச் சாமான் வந்தாலும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். கிரைண்டரில் லேசாகப் பிடிப்பார். பறக்கிற பொறியைப் பார்ப்பார். வார்ப்பிலேயே பல ஜாதி உண்டு, பொறியின் நிறமும் நீளமும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அதற்குத் தக்கபடிதான் ஒட்டுகிற கம்பியும் சூடும். அவர் பார்த்துச் சொல்லிவிட்டால் மற்ற இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் வேலையை ஆரம்பிப்பார்கள்.

அவர் வைத்துப்போன சட்டம் இன்னொன்றும் உண்டு. ஒட்டினவன்தான் சுண்ணாம்புப் பெட்டியிலிருந்து பொருளை எடுக்க வேண்டும், அவன்தான் தட்டி, விரிசல் உண்டா என்று சத்தம் கேட்க வேண்டும். பொருள் பெட்டிக்குள் இருக்கும்போது ஒட்டினவன் ஊரைத் தாண்டிப் போகக் கூடாது. இந்தச் சட்டத்தால் என் கொழுந்தனார் தன் வருங்கால மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போனபோது, பெட்டியைக் கிளறிவிட்டுத் தலையெல்லாம் சுண்ணாம்போடு போனார். மாப்பிள்ளைக்கு இவ்வளவு நரையா என்று என் ஓரகத்தி உள்ளே போய் அழுதாளாம். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மாமனார் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில்தான் அந்த லீவர் வந்தது. தெருக்கோடியில் புத்தகம் பைண்டு பண்ணுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பேப்பர் வெட்டுகிற மெஷினின் லீவர் விரிசல் விட்டிருந்தது. என் வீட்டுக்காரர் சூடேற்றினார், கொழுந்தனார் ஒட்டினார், பெட்டியில் ஆறியது, பைண்டர் சந்தோஷமாக வாங்கிப் போனார். அந்த வாரமே ஒட்டுக்குப் பக்கத்தில் உடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"கம்பி சரியில்ல," என்றார் என் வீட்டுக்காரர்.

"கம்பியில ஒண்ணும் இல்ல. சூடேத்தின லட்சணம்," என்றார் கொழுந்தனார்.

இரண்டும் சாதாரணப் பேச்சுதான். ஆனால் அப்பா இல்லாத பட்டறையில் யார் பெரியவர் என்ற கேள்வி அதற்குள் எப்படியோ நுழைந்துகொண்டது. பேச்சு தடித்தது. ஒரு மாதத்தில் செங்கல் வந்து இறங்கியது. உலை இந்தப் பக்கம், வெல்டிங் மெஷின் அந்தப் பக்கம். செங்கல் பற்றாமல் போனதால் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது, மேலே கூரை ஒன்றுதான். அதனால் இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். பேசாமல் இருப்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான சுவர் உலகத்தில் இருக்காது. இரண்டு பேரும் ஒருவர் இருமலை ஒருவர் கேட்டுக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டினார்கள்.

பாவம் அந்த பைண்டர். லீவரைக் கம்பிக்காரரிடம் கொடுத்தார். அவர் வேறு கம்பி போட்டு ஒட்டினார். கொஞ்ச நாள் ஓடி உடைந்தது. "பாத்தியா, கம்பிதான்," என்று இந்தப் பக்கம் ஒரு திருப்தி. பிறகு உலைக்காரரிடம் கொடுத்தார். இவர் வெளியிலிருந்து ஒரு வெல்டரைக் கூட்டிவந்து, தன் உலையில் பார்த்துப் பார்த்துச் சூடேற்றி, பெட்டியில் வழக்கத்தைவிட அதிகமாக ஆறவிட்டுக் கொடுத்தார். அதுவும் மறுபடி விரிசல் விட்டது. அந்தப் பக்கத்திலிருந்து பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேட்டது.

ஆண்கள் முறுக்கிக்கொண்டு நின்றாலும் நானும் ஓரகத்தியும் விடவில்லை. கிரைண்டர் பெஞ்சுக்குப் பின்னால் நான் ஒரு செங்கலை உருவிவிட்டேன். அந்த ஓட்டை வழியாக உப்பு போகும், டீ வரும், யார் வீட்டில் என்ன சண்டை என்பதும் போய் வரும். இரண்டு பேருக்கும் கிரைண்டர் வேலை தெரியும், பழைய ஒட்டைத் தேய்த்து எடுப்பது எங்கள் வேலை. ஆளுக்கொரு பக்கம் தேய்த்துக்கொண்டே பேசுவோம். கூடப் பிறந்த அக்கா தங்கை எனக்குக் கிடையாது. அவள் வந்த பிறகுதான் வீட்டில் எனக்கென்று ஒரு ஆள் கிடைத்தது.

அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு கொழுந்தனார் ஊரை விட்டுப் போவதாக முடிவு செய்தார். எங்கேயோ பெரிய பம்பு ஃபாக்டரியில் வேலை. உலை இல்லாத வெல்டருக்கு இங்கே சின்னச் சின்ன வேலைதான் வருகிறது என்று சொன்னார். பொய் இல்லை. வெல்டர் இல்லாத உலைக்கும் அதே கதிதான். இதைச் சொல்ல என் வீட்டுக்காரருக்கு வாய் வரவில்லை. செய்தி கேட்ட அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இல்லை என்று என்னிடம் சண்டை போட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் போகக் கூடாது. அதை எப்படித் தடுப்பது என்றுதான் தெரியவில்லை. பாத்திரமெல்லாம் மூட்டையில் ஏறிவிட்டது. லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலை லாரி வரும் என்கிற நிலையில்தான் பைண்டர் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார்.

இந்தத் தடவை லீவர் இரண்டாகவே போய்விட்டது. பையிலிருந்து நீளமான துண்டை எடுத்து எங்கள் பெஞ்சில் வைத்தார். மிச்சத் துண்டோடு வெளியே போய், சுவரைச் சுற்றி, அந்தப் பக்கத்துப் பெஞ்சில் வைத்தார். பிறகு தெருவில், இரண்டு ஷட்டருக்கும் நடுவில் நின்றுகொண்டு பேசினார்.

"பாதி உங்களுக்கு, பாதி அவருக்கு. உடைச்சது ரெண்டு பேரும். சேர்த்துக் குடுங்க, வாங்கிக்கறேன். தனித்தனியா குடுத்தா எனக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க."

அமைதியான மனுஷர். சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் அந்தத் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலைக்குள் தலையை விட்டுக்கொண்டு எதையோ துடைத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு எதையாவது தேய்க்க வேண்டும்போல் இருந்தது. துண்டை எடுத்தேன். உடைந்த வாயைப் பார்த்தபோது ஒரு மாதிரி இருந்தது. ஓரம் சுற்றிலும் பளிச்சென்று, நடுவில் கறுப்பாக, சட்டம் போட்ட படம்போல. சாதாரண வார்ப்பு உடைந்தால் முழுக்கச் சாம்பல் நிறமாக அல்லவா இருக்கும்? பழைய ஒட்டெல்லாம் இல்லாத கடைசி நுனியைக் கிரைண்டரில் லேசாகப் பிடித்தேன்.

சாதாரண வார்ப்பு என்றால் பொறி சிவப்பாக, குட்டையாக வந்து அடங்கிவிடும். இது மஞ்சளாக நீண்டு பறந்து நுனியில் பொரிந்தது. மாமனார் இப்படிப்பட்ட சாமான்களைத் தனியாக எடுத்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மேலியபிள் என்பார். வார்த்து முடித்தபிறகு நாள்கணக்காகச் சூட்டில் வைத்து, வளைந்து கொடுக்கிற மாதிரி இளக்கிய வார்ப்பு அது. அதை உருக்கி ஒட்டினால் இளக்கமெல்லாம் போய், ஒட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதைப் பித்தளைக் கம்பி வைத்து, குறைந்த சூட்டில்தான் பிடிக்க வைக்க வேண்டும். இவர்கள் என்னடாவென்றால் ஒவ்வொரு தடவையும் இன்னும் அக்கறையாகச் சுட்டு, இன்னும் நன்றாக உடைய வைத்திருக்கிறார்கள்.

ஓட்டை வழியாகக் கூப்பிட்டேன்.

"ஏய், இங்க வா. உன் பாதி எங்க?"

"பெஞ்சு மேலதான் கெடக்கு. தொடமாட்டேன்னு உட்கார்ந்திருக்கார்," என்றாள் ஓரகத்தி.

"ஒட்டு இல்லாத நுனியாப் பாத்து கிரைண்டர்ல புடி."

கிரைண்டர் சத்தம் வந்தது, நின்றது.

"அக்கா, மஞ்சளா வருது."

"நீளமா?"

"நீளமா. கடைசியில பொரியுது." குரலைத் தாழ்த்தி, "அப்போ இவங்க ரெண்டு பேரும் பாக்கவே இல்லையா?" என்றாள்.

பார்க்கவே இல்லை. அதுதான் விஷயம். அப்பா பார்த்துக்கொண்டிருந்த வேலையை அவர் போன பிறகு அண்ணன் பார்த்திருப்பார் என்று தம்பியும், தம்பி பார்த்திருப்பான் என்று அண்ணனும் நினைத்துக்கொண்டார்கள். கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வாய் வார்த்தை கேட்டிருந்தால் போதும். அதற்காக ஒரு லோடு செங்கல், இரண்டு வருஷம், இப்போது ஒரு லாரி. எனக்கு அழுகையாக வந்தது. அதில் முக்கால்வாசி ஆத்திரம்தான்.

நேரே போய் 'நீங்கள் பொறி பார்க்கவில்லை' என்று சொல்லியிருக்கலாம். 'அவன் பாத்திருக்கணும்' என்று பதில் வரும். அந்தப் பக்கமும் அதே கிளிப்பிள்ளைதான். அதனால் ஓரகத்தியிடம் ஓட்டை வழியாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, இவரிடம் வந்தேன்.

"கை வலிக்குது. இந்த நுனியை மட்டும் கொஞ்சம் தேய்ச்சுக் குடுங்க."

"அதை எதுக்குத் தேய்க்கற?"

"கேட்டதுக்கு ஒரு தடவையாவது மறுபேச்சு பேசாம செய்யுங்களேன்."

முனகிக்கொண்டே வாங்கிப் பிடித்தார். பொறி பறந்தது. கையை எடுத்துவிட்டார். மறுபடி பிடித்தார். இந்தத் தடவை பொறி தெரிய வேண்டுமென்று தன் நிழலை விலக்கிக்கொண்டு, குனிந்து, நிதானமாகப் பார்த்தார். பிறகு கிரைண்டரை அணைத்தார். அதே நேரம் அந்தப் பக்கத்துக் கிரைண்டரும் அடங்கியது. ஓரகத்தியும் கை வலி என்றுதான் சொல்லியிருந்தாள்.

இவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. நான் எதுவும் சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"டேய்," என்றார் இவர். சுவரைப் பார்த்துத்தான்.

அந்தப் பக்கம் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது.

"நீ பொறி பாத்தியா?"

"இப்பதான் பாத்தேன்."

"இப்ப இல்லடா. அன்னைக்கு."

சுவருக்கு மேலாகக் கொழுந்தனார் குரல் வந்தது.

"இல்ல. நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

இவ்வளவுதான் பேசினார்கள். மன்னிப்பு, சமாதானம், கட்டிப்பிடித்தல் என்று நான் எதிர்பார்த்த ஒன்றும் நடக்கவில்லை. இவர் உலையைப் பற்றவைத்தார். கொஞ்ச நேரத்தில் தெருவழியாகக் கேஸ் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு கொழுந்தனார் வந்து எங்கள் வாசலில் நின்றார். பிறந்து வளர்ந்த பட்டறையில் வாடிக்கையாளர் மாதிரி நின்றார். உள்ளே வா என்று இவருக்குச் சொல்ல வரவில்லை.

"உலை தயார்," என்றார்.

அது போதுமாக இருந்தது. கொழுந்தனார் உள்ளே வந்தார். வழியில் என்னைப் பார்த்து, "கை வலி எப்படி இருக்கு அண்ணி?" என்று கேட்டார். குசும்புக்காரர்.

மூன்று தடவை போட்ட பழைய ஒட்டையெல்லாம் நானும் ஓரகத்தியும் மாற்றி மாற்றித் தேய்த்து எடுத்தோம். இரண்டு வாயையும் சரிவாக்கி, பொருத்தி, செங்கல் முட்டுக்கொடுத்து உலையில் வைத்தார்கள். பித்தளை ஓடிப் பிடிப்பதற்காகக் கொழுந்தனார் சேர்கிற இடத்தில் வெண்காரத்தைத் தூவினார். இவர் உலை வாயில் குனிந்து, தகடால் காற்றை அடைத்தும் திறந்தும், லீவரை மங்கின சிவப்புக்கு மேலே போகவிடாமல் பிடித்துக்கொண்டார்.

"போதுமா?" என்றார் இவர்.

"இன்னும் ஒரு பொட்டு."

"இப்ப?"

"அப்படியே வெச்சுக்கோ."

பித்தளைக் கம்பி இளகி, பிளவுக்குள் தண்ணீர்போல ஊறியது. தம்பியின் கை நகர்கிற இடத்துக்கு முன்னாலேயே அண்ணனின் சூடு போய் நின்றது. இரண்டு வருஷமாக இதைப் பார்க்காமல் இருந்தோமே என்று எனக்கு இருந்தது. ஓரகத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றாள். புகை கொஞ்சம்தான் இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் லீவரைச் சுண்ணாம்புப் பெட்டிக்குள் புதைத்தார்கள். கொழுந்தனார் கையைத் தட்டிக்கொண்டு நின்றார். இவரும் நின்றார். லாரியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு, "வரேன் அண்ணி," என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு அவர் போனார். மூட்டைகள் அப்படியேதான் இருக்கின்றன என்று ஓரகத்தி ஓட்டை வழியாகச் சொன்னாள். சரி, பேசாமல் போகவிருந்தவர்கள் பேசிவிட்டாவது போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை.

காலையில் நான் வாசல் பெருக்கும்போதே லாரி வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தான். ஓரகத்தி ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல நடைபாதையில் வைத்தாள். அதே நேரம் பைண்டரும் குடையோடு வந்து சேர்ந்தார்.

கொழுந்தனார் தன் வீட்டிலிருந்து வந்தார். லாரிக்குப் போகாமல் நேரே எங்கள் பட்டறைக்குள் வந்து பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். சுண்ணாம்புக்குள் கையை நுழைத்தார். முழங்கை வரை போனது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னும் சூடா இருக்கு," என்றார், யாரையும் பார்க்காமல்.

என் வீட்டுக்காரர் உலைப் பக்கத்திலிருந்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அவரும் கையை நுழைத்தார்.

"ஆமா. சூடாத்தான் இருக்கு. ஆறுறவரைக்கும் ஒட்டினவன் ஊரைத் தாண்டக் கூடாது."

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தான். "எப்ப சார் ஆறும்?"

"வார்ப்புப்பா. சொல்ல முடியாது," என்றார் இவர்.

"நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கும் ஆறாது," என்றார் கொழுந்தனார்.

டிரைவர் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனான். லாரி பின்னால் நகர்ந்து தெருவை விட்டுப் போகிற சத்தம் முழுசாக அடங்கும்வரை அண்ணனும் தம்பியும் கையை வெளியே எடுக்கவில்லை. பைண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் வைத்த அத்தனை சின்ன லீவர் இன்னுமா என்று அவர் பெட்டிப் பக்கம் குனிந்து கையை நீட்டினார். நான் அவரைப் பார்த்தேன். நீட்டிய கையை எடுத்துக் குடையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நானும் கையை விட்டுப் பார்த்தேன். சுண்ணாம்புக்குள் விரலில் லீவர் தட்டுப்பட்டது. விடிகாலைக் குழாய்த் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"நல்ல சூடு," என்றேன்.

ஓரகத்தி நடைபாதையிலேயே உட்கார்ந்து, மூட்டையை அவிழ்த்து, டீ போடுகிற பாத்திரத்தை வெளியே எடுத்தாள்.